மருமோன்ர பேரில வந்த அம்மா

வாரும் தம்பி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும். இது தான் அறை. வடிவாப் பாரும், அவசரம் இல்லை. முந்தி இது கார் விடுற கராஜ். உடைச்சுக் கட்டினது. நிலத்துக்குக் கீழால சூடு வரும், வெறுங்காலோட நடக்கலாம். கக்கூஸ் உள்ளுக்கையே இருக்கு. எழும்பேக்கை பிடிக்கிறதுக்குச் சுவரில கம்பி பூட்டியிருக்கு, இருந்து குளிக்க ஒரு மடக்குக் கதிரையும் இருக்கு. உமக்கு உதுகள் தேவையில்லை, நீர் இளம் பெடியன். என்ர அம்மாவுக்கெண்டு போட்டது.

ஐயோ, முகத்தை அப்பிடி வைக்காதையும். அம்மா உயிரோட தான் இருக்கிறா. நல்ல சுகமா இருக்கிறா. இஞ்சயிருந்து பஸ்ஸில ஏறினாப் பத்து நிமிஷம், என்ர தங்கச்சி வீட்டில. சனம் தங்கச்சி வீடு எண்டு தான் சொல்லும். நான் சொல்ல மாட்டன். அது குகதாசன்ர வீடு. தங்கச்சியின்ர மனிசன். அவன் தான் அம்மாவை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன். பெத்த மோன் நான் இஞ்ச இருபத்தாறு வருஷமா இருக்கிறன், பிரிட்டிஷ் பாஸ்போட் வைச்சிருக்கிறன், எனக்கு ஏலாமல் போச்சு. ஹொலண்ட் பாஸ்போட்டோட நேற்று வந்து இறங்கினவனுக்கு ஏலுமாப் போச்சு. வயிறு எரியுமோ எரியாதோ, நீர் சொல்லும்.

இரும், கட்டிலில இரும். புது மெத்தை தான், இன்னும் ஒருத்தரும் படுக்கேல்லை. அந்த விரிப்பை மட்டும் கொஞ்சம் மடிச்சுப்போட்டு இரும். ஆ, அப்பிடித் தான்.

நீர் கெயாரர் விசாவில வந்தனீர் எண்டு தானே போனில சொன்னனீர்? வயசு போன ஆக்களைப் பாக்கிற வேலை. நல்ல வேலை. ஆனா ஒரு புதினத்தைக் கேளும். நான் அம்மாவுக்கு விசாவுக்குப் போட்டனான். பிரிட்டிஷ் சிற்றிசன் தாயைக் கூப்பிடுறதெண்டால், தாய்க்குத் தன்ர அலுவலைத் தானே பாக்க ஏலாமல் இருக்கவேணும். அதோட, ஊரில காசு குடுத்தாலும் பராமரிக்க ஆள் கிடையாது எண்டு காட்டவேணும். அம்மா அப்ப உடுப்பிட்டியில தன்ர கிணத்தில தானே தண்ணி அள்ளிக் குளிக்கிறா. என்னெண்டு காட்டுறது? ஊரில பராமரிக்க ஆக்கள் இருக்கினம், அங்கயே இருக்கட்டும் எண்டு மறுத்துப்போட்டாங்கள். இப்ப பாத்தா, ஊரில பராமரிக்கிற ஆக்களை எல்லாம் இஞ்ச கூப்பிட்டு வைச்சிருக்கிறாங்கள். உம்மைச் சொல்லேல்லை, கோவிக்காதையும்.

சிற்றிசன் எடுக்கேக்கை என்னைக் கூப்பிட்டு மகாராணியின்ர முடிக்குச் சத்தியம் பண்ண வைச்சவங்கள். கோட் போட்டுக்கொண்டு போய்ப் பண்ணினன். இந்த நாட்டுத் தேசியப் பாட்டும் பாடினன், என்ர சத்தம் தான் கூடக் கேட்டது. குகதாசன் இந்த நாட்டுக்கு ஒரு சத்தியமும் பண்ணேல்லை. ஒரு பாட்டும் பாடேல்லை. வானில சாமான் ஏத்திக்கொண்டு கப்பலில வந்து இறங்கினான்.

அவையை இஞ்ச கூப்பிட்டதே நான் தான், அது தான் வேடிக்கை. ஹொலண்டில ஒரு குளிர்ப் பட்டினத்தில கிடந்தவை. பிள்ளையளின்ர இங்கிலிஷ் படிப்புக்கு இஞ்ச வாங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு தங்கச்சிக்குச் சொன்னனான். அவளை எனக்குப் பக்கத்தில வைச்சிருக்க ஆசை. அந்த நேரம் அந்த நாட்டுப் பாஸ்போட்டை நான் பகிடி பண்ணினனான். உது என்ன பாஸ்போட், சீஸ்க்கட்டிக்குச் சுத்தின கடுதாசி மாதிரி எண்டு. குகதாசனும் சிரிச்சவன். அவன் எல்லாத்துக்கும் சிரிப்பான். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அப்ப இங்கிலாந்து ஐரோப்பாவோட சேந்திருந்த காலம். அந்த நாட்டுக்காரர் இஞ்ச வந்து வேலை செய்தாத் தங்கட குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம். குடும்பம் எண்டால் பெண்சாதி பிள்ளையள் மட்டும் இல்லை. தாய் தேப்பனும் வரலாம், பெண்சாதியின்ர தாய் தேப்பனும் வரலாம். அவை இவரை நம்பி இருக்கினம் எண்டால் சரி. இதை எங்கட விசா அலுவல் பாத்த லோயர் பிள்ளை சொல்லேக்கை நானும் பக்கத்தில தான் இருக்கிறன். அப்ப மோன், இந்த நாட்டுச் சிற்றிசன், நான் ஆர் எண்டு கேட்டன். நீங்கள் இந்த நாட்டுக்காரர் அங்கிள், அதால உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை எண்டு சொல்லுது. பாத்தீரே?

பேந்து அந்தப் பிள்ளை அம்மாவோட போனில கதைச்சது. எல்லாருக்கும் கேக்கத் தக்கதாப் போனைப் போட்டுவிட்டது. "அம்மா, நீங்கள் இப்ப ஆரை நம்பி இருக்கிறியள்?" எண்டு கேட்டது.

அம்மா சொன்னா, "மருமோனைத் தான் பிள்ளை. அவர் தான் எனக்கு எல்லாம்."

நானும் அம்மாவுக்கு அனுப்பினனான் தான். நான் அனுப்பேக்கை இது கூரைக்கு, இது மருந்துக்கு, கோயிலுக்கு இவ்வளவு எண்டு சொல்லித் தான் அனுப்புவன். பேந்து போன் எடுத்துக் கேப்பன். ஒழுங்கு வேணும் தானே? அவன் ஒண்டும் சொல்லாமல் அனுப்பிப்போட்டுச் சும்மா இருப்பான். அம்மா விசாவுக்காகத் தான் அப்பிடிச் சொன்னவ எண்டு எனக்குத் தெரியும். ஆனா தம்பி, பொய் சொல்லேக்கை என்ர அம்மாவின்ர குரல் ஒரு இடத்தில தடக்கும். சின்னனில இருந்து எனக்குத் தெரியும். அண்டைக்குத் தடக்கேல்லை.

குகதாசன் என்ன செய்தவன் தெரியுமோ? கண்ணைத் துடைச்சவன். நடிப்பு.

இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் போக முந்தி, கடைசி நேரத்தில அம்மா வந்து சேந்தா. நான் கதிர்காமத்துக்குப் போற மாதிரி வெள்ளன எழும்பிக் குளிச்சு, பென்ஸ் காரைக் கழுவி, மாலையோட எயாப்போட்டுக்குப் போனன். அம்மா வெளியில வந்தா. என்னைக் கட்டிப் பிடிச்சா. அழுதா. எல்லாம் சரி. காருக்கு வாங்கோ அம்மா எண்டு பெட்டியைத் தூக்கினன். அம்மா நிண்ட இடத்தில நிண்டுகொண்டு சொல்லுறா, "மோனை, சட்டப்படி நான் மருமோன் வீட்டை தானே போகவேணும்."

நான் சட்டத்தை மதிக்கிற ஆள். பாக்கிங் தண்டம் கூட ஒருநாளும் வாங்கினதில்லை. பெட்டியைக் கொண்டு போய் அவன்ர வானுக்குள்ள வைச்சன். அது மீன் ஏத்துற வான், தம்பி. அவனுக்குச் சாப்பாட்டுக் கடை. என்ர அம்மா லண்டனுக்கு வந்து முதல் ஏறினது மீன் நாறுற வான்.

அண்டையில இருந்து அஞ்சு வருஷம் இதே கதை. தீபாவளிக்கு வருவா, இரவு நிண்டு போங்கோ எண்டால், "ஐயோ மோனை, சட்டம் விடாது. இரவில வந்து பாப்பினமாம்." என்ர மகளின்ர பிறந்தநாளுக்கு வருவா, கேக் வெட்டி முடிய முந்தி எழும்பிடுவா. "விசாவுக்கு ஒண்டும் வந்திடக் கூடாது மோனை." என்ர பெண்சாதி பவளராணிக்கு வருத்தம் வந்து படுத்துக் கிடக்கேக்கையும் பகலில வந்து பாத்துப்போட்டுப் பொழுதுபட முந்திப் போயிட்டா. நான் மறிக்கேல்லை. அம்மாவைத் திருப்பி அனுப்பினா என்ன செய்யிறது எண்டு பயம். லோயரைக் கேட்டு உறுதிப்படுத்துவம் எண்டுகூட நினைக்கேல்லை. தாய் சொல்லுறதை ஆரும் போய் லோயரிட்ட விசாரிப்பினமோ?

அந்தப் பயத்திலயே இந்த அறையைக் கட்டத் தொடங்கினன். அஞ்சு வருஷம் முடிஞ்சா அம்மாவுக்கு நிரந்தரமா இருக்கலாம் எண்டு வந்திடும். பேந்து அவ ஒருத்தரின்ர பேரிலயும் இருக்கத் தேவையில்லை, விரும்பின இடத்தில இருக்கலாம். அப்ப வந்து கால்மேல கால் போட்டுக்கொண்டு இருக்கட்டும், ஒரு வேலையும் செய்யக் கூடாது எண்டு நினைச்சன். ரீவி, சாமிப்படம், கூப்பிடுறதுக்கு மணி எல்லாம் வைச்சன். மணியை அடிச்சாப் பவளம் தேத்தண்ணி கொண்டு வந்து குடுப்பா. குசினிப் பக்கம் அம்மா வரவே தேவையில்லை. புதுக் குசினி, முழுக்க வெள்ளை. மீன் பொரிச்சா மணம் பிடிச்சிடும், அதால நாங்கள் வீட்டுக்குள்ள பொரிக்கிறேல்லை. பின்னுக்குத் தோட்டத்தில ஒரு கொட்டில் இருக்கு. உமக்கும் சொல்லிப்போடுறன், பொரிக்கிறதெண்டால் கொட்டில்ல தான்.

அங்க அவன் என்ர அம்மாவை என்ன செய்து வைச்சிருக்கிறான் தெரியுமோ? கடையில றோல்ஸ் சுத்த விட்டிருக்கிறான். ஓம். எழுபத்திநாலு வயசு மனிசி. கேட்டா, "நான் கேக்கேல்லை மச்சான், அவ தானாத் தான் வந்து நிக்கிறா" எண்டு சிரிக்கிறான். நான் ஒருநாள் போகேக்கை அம்மா ஏப்பிரன் கட்டிக்கொண்டு நிக்கிறா, கை முழுக்க மா, நாலு பொம்பிளையளுக்குச் சத்தம் போட்டு வேலை சொல்லுறா. என்னைக் கண்டோண்ண குரல் இறங்கிப் போச்சு. ஒரு கதிரையில போய் இருந்து, கையைத் துடைச்சு மடியில வைச்சுக்கொண்டு, "வா மோனை, இரு மோனை" எண்டா. வாடிக்கையாளர் எல்லாம் அவவை அம்மா எண்டு கூப்பிடுதுகள். ஊர் உலகத்துக்கெல்லாம் அம்மா.

அவனும் அப்பிடித் தான் கூப்பிடுறான். மாமி எண்டு தானே கூப்பிடவேணும்? ஊரில என்ர அத்தை தன்ர மருமோன் வந்தாக் கதவுக்குப் பின்னால நிண்டு தான் கதைப்பா. என்ர அம்மாவும் அப்பிடி வளந்த மனிசி தான். இப்ப சனிக்கிழமையில மருமோனும் மாமியும் ஒரு பக்கமா இருந்து சீட்டில முந்நூற்றிநாலு விளையாடுகினம், மற்றப் பக்கம் தங்கச்சியும் அவளின்ர பெடியும். அம்மா துரும்பைத் தூக்கி மேசையில அடிக்கிற அடியை நீர் பாக்கவேணும். "போட்டன் பார் மருமோன்!" எண்டு கத்துறா. எனக்கு அம்மா அப்பிடிக் கத்துவா எண்டே தெரியாது. என்னோட விளையாட வரச்சொல்லி ஒருநாள் சீட்டுக்கட்டை எடுத்து வைச்சன். முறை பிழைச்சு ஒரு சீட்டைப் போட்டா. பிழையைச் சொல்லித் தானே குடுக்கவேணும், சொல்லிக் குடுத்தன். கண்ணுக்குள்ள ஏதோ செய்யுது மோனை எண்டு வைச்சுப்போட்டா.

என்ர காரில ஏறினா வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதாம். பென்ஸில! அந்த மீன் வானில மான்செஸ்ரருக்குப் போட்டு வந்தா, ஒண்டும் வரேல்லை.

எரிச்சல் தான் தம்பி. பொறாமை எண்டு பவளம் சொல்லுறா. ஓம், பொறாமை தான், மறைக்கேல்லை. அவன்ர வீட்டு வாசல்ல அம்மாவின்ர செருப்பு அவன்ர சப்பாத்துக்குப் பக்கத்தில கிடக்கிறதைப் பாத்தாலே எனக்கு நெஞ்சுக்குள்ள பத்தும். ஒருக்காக் காலால தள்ளி வைச்சனான்.

சரி. போன சித்திரையில அம்மாவுக்கு நிரந்தரமா இருக்கலாம் எண்டு வந்திட்டுது. தங்கச்சி தான் போன் எடுத்துச் சொன்னவள். எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை. அடுத்த நாள் சனிக்கிழமை. இந்தக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, சாமிப்படத்துக்குப் பூ வைச்சு, காருக்குள்ள தேசிக்காயும் வைச்சுக்கொண்டு போனன், சத்திக்கு.

குகதாசன் கதவைத் திறந்தான். "வாங்கோ மச்சான்." நான் நேர உள்ள போய், "அம்மா, வெளிக்கிடுங்கோ. சட்டம் எல்லாம் முடிஞ்சுது. எங்கட வீட்டை போவம்" எண்டன்.

அம்மா என்னைப் பாத்தா, தங்கச்சியைப் பாத்தா. "முதல்ல தேத்தண்ணி குடி மோனை."

"தேத்தண்ணி எங்கட வீட்டை போய்க் குடிப்பம்."

"இல்லை மோனை, இன்னும் ஏதோ சட்டம் இருக்காம். உடன வெளிக்கிடக் கூடாதாம்."

குகதாசன் சொல்லுறான், "அப்பிடி ஒண்டும் இல்லை அம்மா, உங்களுக்கு விருப்பமெண்டால் போங்கோ, நான் பெட்டியை எடுத்துத் தாறன்." எனக்கு அவன் சொன்னது இன்னும் எரிஞ்சுது. பெரிய தர்மவான். என்ர தாயை எனக்குத் தாறானாம். உன்ர கதை வேண்டாம், நான் லோயரிட்டக் கேக்கிறன் எண்டு அந்த இடத்திலயே போன் எடுத்தன். எல்லாருக்கும் கேக்கத் தக்கதாப் போட்டன். அம்மா கேக்கட்டும், கேட்டு வெளிக்கிடட்டும் எண்டு தான்.

அந்தப் பிள்ளை சொல்லுது, "ஒரு தடையும் இல்லை அங்கிள். அம்மா எங்க வேணுமெண்டாலும் இருக்கலாம்." நான் அம்மாவைப் பாத்தன், கேட்டீங்களோ எண்டு. பிள்ளை அதோட போனை வைச்சிருக்கலாம். வைக்கேல்லை. "முந்தியும் இருந்திருக்கலாம் அங்கிள். மருமோன்ர பேரில வந்தாலும் அவரோட ஒரே வீட்டில இருக்கவேணும் எண்டு இல்லை. உங்கட வீட்டில படுத்தாலும் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். அம்மா வந்த கிழமையே கேட்டவ, நான் அண்டைக்கே சொன்னனான் அங்கிள்."

நான் போனை வைச்சன். தங்கச்சி குசினிக்குள்ள போயிட்டாள். குகதாசன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். அவனுக்கும் தெரியாது போல. தெரிஞ்சிருக்கும், நடிச்சிருப்பான்.

அம்மா வந்து என்ர கையைப் பிடிச்சா. "மோனை, உன்ர வீட்டில நான் கோப்பை வைக்கிறதுக்கும் பயந்து பயந்து தான் வைக்கிறன். நீ குறையில்லை, எல்லாம் செய்வாய். ஆனா எனக்கு மூச்சு முட்டும் ராசா. அதை முகத்துக்கு நேர சொன்னா உனக்கு நோகும். சட்டம் விடேல்லை எண்டு சொன்னா நீ சட்டத்தை ஏசிப்போட்டுப் போவாய், உன்ர மனம் நோகாது எண்டு நினைச்சன்."

கேட்டீரோ? கோப்பை வைக்கப் பயமாம். நான் ஒருக்காத் தான் சொன்னனான், கீழ ஒரு தட்டு வைச்சுக் கோப்பையை வையுங்கோ, மேசையில வட்டம் விழும் எண்டு. பேந்தும் ரெண்டு மூண்டு தரம் சொல்லியிருப்பன். அதுக்கு ஒரு தாய் இப்பிடிச் சொல்லுவாவோ? அவன் தான் சொல்லிக் குடுத்திருக்கிறான். அம்மாவுக்கு இப்பிடி எல்லாம் கதைக்கத் தெரியாது. அஞ்சு வருஷம் பக்கத்தில வைச்சிருந்து மெல்ல மெல்ல ஓதியிருக்கிறான்.

"நீ வந்து பார் மோனை, நான் எங்க போறன்" எண்டு அம்மா வாசல் மட்டும் வந்து சொன்னா. நான் திரும்பிப் பாக்கேல்லை. அது நடந்து நாலு மாதமாகுது. நான் போகேல்லை. அவ போன் எடுப்பா, பவளம் கதைப்பா. என்னைக் கேட்டா, வேலை எண்டு சொல்லச் சொல்லியிருக்கிறன். அவ வரட்டும். வந்து இந்தக் கட்டிலில ஒரு இரவு படுக்கட்டும், பேந்து கதைப்பம்.

பவளம் தான் சொன்னா, அறை சும்மா கிடக்குது, ஒரு நல்ல பெடியனுக்கு விடுவம் எண்டு. நீர் நல்ல பெடியன் மாதிரித் தான் தெரியுது. கூடக் கதைக்கேல்லை. வாடகை பவளத்தோட கதையும். சாமிப்படத்தைக் கழட்டாதையும். மணியை வேணுமெண்டால் எடுத்து வைக்கிறன். மேசையில கோப்பை வைக்கேக்கை மட்டும்... சரி, நீர் வடிவா வைப்பீர்.

இன்னுமொண்டு இருக்கு, அதுக்கு ஓம் எண்டால் நாளைக்கே சாமானைக் கொண்டு வரலாம்.

இந்த யன்னலைப் பாரும். ரோட்டு முழுக்கத் தெரியும். கோடை தொடங்கினாப் பிறகு குகதாசன் ஹொலண்டில இருந்து ஒரு சைக்கிள் எடுப்பிச்சிருக்கிறான். முன்னுக்கு ஒரு பெரிய மரப்பெட்டி வைச்ச சைக்கிள், அங்க பிள்ளையளை ஏத்திக்கொண்டு போற சாதி. வெள்ளிக்கிழமையில அவன் அம்மாவை அந்தப் பெட்டிக்குள்ள இருத்தி இந்த ரோட்டால தான் கோயிலுக்குக் கொண்டு போறான். சனம் நிண்டு பாக்குது. அம்மா பட்டுச்சீலை உடுத்து, பூத்தட்டை மடியில வைச்சுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துச் சிரிச்சுக்கொண்டு போறா. எங்கட வீடு வரேக்கை மட்டும் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு இந்தப் பக்கம் பாப்பா. திரைக்குப் பின்னால நான் நிக்கிறது அவவுக்குத் தெரியாது.

அதால தம்பி, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு நீர் கொஞ்சம் குசினிக்குள்ள போய் இருக்கவேணும். பவளம் தேத்தண்ணி போட்டுத் தருவா. பத்து நிமிஷம் தான். மற்ற நேரம் எல்லாம் இது உம்மட அறை.